ராகத்துக்குப் பெயர் உண்டு, அடிக்கு? – ஒரு ராஜா ரசிகனின் குறிப்புகள்

1

நான் இளையராஜாவின் ரசிகன். இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கீழே வருவதை ரஹ்மான் கோஷ்டியைச் சேர்ந்த ஒருத்தன் எழுதியதாகவோ, சினிமாப் பாட்டு என்றாலே முகஞ்சுளிக்கும் தோழர் ஒருவரின் பிரசங்கமாகவோ படித்துவிடும் வாய்ப்பு உண்டு. ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். நான் பிறந்தது அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து. ராஜாவை நான் தேடிப் போகவில்லை. அப்பா ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய தொண்ணூறு நிமிஷக் கேசட்டுகள், மினிபஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர், கல்யாண வீட்டில் மரத்தில் கட்டிய குழாய், அப்புறம் செல்போன் என்று அந்த இசைக்குள்தான் கண் விழித்தேன்.

நாலு ராஜா ரசிகர்கள் விடுதி அறையிலோ டீக்கடையிலோ உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது ரீதிகௌளை என்று ஒருவர் தொடங்குவார். அடுத்தவர் 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை எடுப்பார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. கவுண்டர்பாயின்ட், ஹார்மனி என்று கொஞ்ச நேரம் ஓடும். மூன்றாமவர் 1993-ல் லண்டனில் பதிவாகி வெளிவராமலே போன சிம்பொனியில் தொடங்கி, 2025 மார்ச் 8-ல் அதே லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனியில் முடித்து வைப்பார். எனக்கும் இதில் பங்கு உண்டு. நானும் ராகம் சொல்வேன். சொல்லும்போது ஒரு பெருமிதம் வரத்தான் செய்கிறது.

கவனித்துப் பார்த்தால் இந்தப் பேச்சு முழுக்க இரண்டு இடங்களுக்கு நடுவேதான் நடக்கிறது. ஒன்று திருவையாறு, இன்னொன்று ஐரோப்பா. ராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கே வருகிறது? வரும். பாட்டில் தப்போ உறுமியோ கேட்கிற இடத்தில் வரும். அந்த இடம் வந்ததும் ரசிகர்களிடம் இரண்டே சொற்கள்தான் மிஞ்சுகின்றன. பாட்டு மெதுவாகப் போனால் ‘மண்வாசனை’, வேகமாகப் போனால் ‘குத்து’. திருவையாற்றுக்கு இலக்கணம் இருக்கிறது, ஐரோப்பாவுக்கு இலக்கணம் இருக்கிறது, நமக்கு வாசனை இருக்கிறது.

இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன். ரசிகனின் காது ஒன்றைக் கேட்கிறது. அதைச் சொல்ல அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் மொழியோ வேறு ஒன்றைத்தான் சொல்லவிடுகிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது, யாருக்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

2

என் சித்தப்பா ஒருவர் இருபத்தைந்து வயது வரை தப்பு செட்டில் அடித்தவர். நானும் ஒரு நண்பனும் போனில் ராஜா பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அது எந்த ராகம் என்று வாதாடிக்கொண்டிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “அதெல்லாம் சரி மகனே, கீழ ஓடுற அடிக்கு என்ன பேரு?” நண்பன், “குத்துதான்” என்றான். “குத்துன்னு ஒரு அடியே கிடையாதுப்பா. ராசா ஒத்தையடியில எடுத்து மருள் அடிக்குப் போறாப்ல போயி, பாதியில நிப்பாட்டி வேற பக்கம் திரும்பிட்டாரு. திரும்புனதும் நல்லாத்தான் இருக்கு.”

இது விமர்சனம். எந்த அடியிலிருந்து எந்த அடிக்கு நகர்கிறது, எங்கே மரபு முறிகிறது, அந்த முறிவு அழகியல்ரீதியாக நியாயமானதுதானா என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ரீதிகௌளை என்று சொல்லும் எங்களில் பலரால், ரீதிகௌளைக்குள் என்ன நடக்கிறது என்று இந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

அன்றைக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொண்டேன். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, ஒத்தையடி, பாடம் அடி, டப்பா அடி, ஜாயிண்ட் அடி, சினிமா அடி. ஊருக்கு ஊர் பெயரும் மாறும், அடிக்கிற விதமும் மாறும். பல பெயர்களிலேயே சமூகச் சூழலும் சேர்ந்திருக்கிறது. சாட்டு என்றால் திருவிழா அறிவிப்பு. சப்பரம் என்றால் சாமி ஊர்வலம். மருள் என்றால் சாமி இறங்குவது. மாரடிப்பு என்றால் இழவு. வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியது கருவி. இடது கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு அது ஏதோ சடங்கு மாதிரித் தெரியும். தம்பூராவின் பிருடையைத் திருகுவது போல அதுவும் சுதி சேர்க்கிற வேலைதான். பாடம் வாய்மொழியாகவே நடக்கிறது. மிருதங்கத்துக்குச் சொற்கட்டு இருப்பது போல இதற்கும் வாயால் சொல்லும் கட்டுகள் இருக்கின்றன.

அந்தப் பட்டியலில் கடைசியாக இருக்கும் ‘சினிமா அடி’ என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. சினிமாவிலிருந்து வந்ததைத் தப்புக் கலைஞர்கள் தங்கள் இலக்கணத்துக்குள் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலில் அவர்கள் காட்டும் நேர்மை அது. சினிமா அவர்களிடமிருந்து எடுத்ததற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? குத்து. எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977-ல் எழுதினார். இரைச்சலைச் சேர்த்துக்கொண்ட பிறகும் அதன் பெயரை மட்டும் வெளியே நிறுத்தி வைக்க முடியும் என்பதை இங்கே பார்க்கிறோம்.

3

பெயரை வெளியே நிறுத்துவது சினிமாக்காரர்கள் தொடங்கி வைத்த பழக்கம் அல்ல. தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. திணைக்கு ஒரு பறை. அங்கே மேல் கீழ் கிடையாது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரிடம் வரும்போது தோற்கருவிகளுக்குத் தரம் வந்துவிடுகிறது. மத்தளம், இடக்கை முதலானவை உத்தமக் கருவிகள், அவை அகமுழவு. தண்ணுமை, தக்கை போன்றவை மத்திமம், அவை அகப்புற முழவு. கணப்பறை அதமம், அது புறமுழவு. நெய்தற்பறைக்கு அந்த அதமத்திலும் இடம் கிடையாது. அது புறப்புற முழவு. நெய்தற்பறை என்பது சாவுக்குக் கொட்டும் பறை. அகம், புறம், புறப்புறம் என்ற இந்த வரிசையை ஒரு கிராமத்தின் வரைபடமாகவும் வாசிக்கலாம். ஊர், ஊருக்கு வெளியே சேரி, சேரிக்கும் அப்பால் சுடுகாடு.

இருபதாம் நூற்றாண்டில் தமிழிசை இயக்கம் வந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானம், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நடுவே தமிழுக்கு இடம் கேட்ட போராட்டம் அது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கேட்டது மேடையில் எந்த மொழி என்பதை. மேடையில் எந்தக் கருவி, யாருடைய கை என்ற கேள்வி அந்த இயக்கத்தின் மையத்துக்கு வரவேயில்லை. சாகித்தியம் தமிழானது, பக்கவாத்தியம் பழையபடியே இருந்தது.

இந்தத் தொடர்ச்சியை ராஜாவின் காலத்திலேயே பார்க்கலாம். கே.பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) ராஜாவுக்கும் பாடகி சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். சித்ராவுக்கு விருது கிடைத்த அந்தப் பாட்டு நாட்டுப்பாட்டாகத் தொடங்கி, அதே ராகத்திலேயே தியாகராஜர் கீர்த்தனை ஒன்றில் போய்ச் சேருகிறது. வழக்கமாகக் காம்போதியில் பாடப்படும் அந்தக் கீர்த்தனையை ராஜா சாரமதிக்கு மாற்றினார். இசையாகக் கேட்டால் பிரமாதமான காரியம். கீர்த்தனையை நாட்டுப்பாட்டின் வீட்டுக்கே நடத்திக் கூட்டிவந்திருக்கிறார் என்றுதான் என் காது சொல்கிறது. ரசிகர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? “நாட்டுப்பாட்டுக்குள்ளயே சாரமதி இருக்குனு நிரூபிச்சாரு பாத்தியா.” அதாவது கீர்த்தனையில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் நாட்டுப்பாட்டுக்கு மரியாதை. ராஜா செய்ததை ரசிகனின் மொழி தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. லண்டன் சிம்பொனி விஷயமும் இப்படித்தான். அதை எழுதியது அவர் விருப்பம், அவர் உழைப்பு. அது வந்த பிறகுதான் அவர் முழுமையான இசையமைப்பாளர் ஆனார் என்பது போல நாம் கொண்டாடினோமே, அங்கே நமக்கு யாரோ ஒரு சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது.

4

இதைப் பேசத் தொடங்கினால் நண்பர்கள் உடனே சொல்வது, “இசைக்கு சாதி இல்லை.” ரசிகர்களின் சொல்லாடலில் கேள்விகளை மூடி வைக்கும் மூடி இது.

‘தேவர் மகன்’ (1992) படத்தின் சாதிப் பெருமைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். இசை ராஜா. தென்மாவட்டங்களில் அந்தப் பாட்டு சாதி ஊர்வலங்களின் பாட்டானது. எந்தத் தெரு முனைக்கு வந்ததும் ஒலியைக் கூட்டுவார்கள் என்பது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாரி செல்வராஜ் ‘தேவர் மகன்’ தன்னை எப்படி அலைக்கழித்தது என்பதை வெளிப்படையாகப் பேசினார். ‘மாமன்னன்’ (2023) அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த படம். அப்போது ரசிகர்கள் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது: “பாட்டை பாட்டா மட்டும் கேளுங்க, அந்தத் தாளக்கட்டு என்னமா இருக்கு!” தாளக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது என் காலையும் ஆட வைக்கிறது. அதே சமயம் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடப்பதைச் சொல்ல ‘இசைக்கு சாதி இல்லை’ என்ற வாக்கியத்தில் இடமில்லை. அப்படி ஒரு அனுபவமே நேராத ஒரு காதைத்தான் அந்த வாக்கியம் பொதுவான காது என்று கற்பித்துக்கொள்கிறது.

ராஜா தன்னைச் சாதி அடையாளத்தால் அழைப்பதை விரும்புவதில்லை. அது அவர் உரிமை. அவரை ஓர் அடையாளத்துக்குள் பூட்ட நான் இதை எழுதவில்லை. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபத்தில் அவர் நிறுத்தப்பட்டார் என்று செய்தி பரவியது. அது வதந்தி, தன்மானத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை என்று அவரே மறுத்தார். அங்கே யாருக்கும் அனுமதியில்லை என்று விளக்கம் வந்தது. சரி. ஆனால் செய்தி வந்த முதல் மணி நேரத்தில் தமிழ்நாட்டில் அதை நம்பாதவர்கள் எத்தனை பேர்? நம்பியவர்கள் எல்லோருக்கும் இசைக்கு வெளியே சாதி இருப்பது தெரிந்திருக்கிறது. ‘இசைஞானி’, ‘ராகதேவன்’, ‘மேஸ்ட்ரோ’ என்று பட்டங்களை அடுக்கும்போது, அவரைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் இந்தத் தொந்தரவு தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். தூக்கும்போது அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த இளைஞன் கீழேயே நின்றுவிடுகிறான். அவனோடு கூட நின்றவர்களும்.

5

இரண்டு தரப்பிலிருந்து எனக்கு மறுப்பு வரும். இரண்டும் நம் தோழர்களிடமிருந்துதான்.

முதல் மறுப்பு: சினிமாப் பாட்டு கலாச்சாரத் தொழிற்சாலையின் சரக்கு, அதில் எந்த அடி இருந்தால் என்ன? அடோர்னோ 1938-லேயே, சரக்காகிப்போன இசை கேட்கும் திறனையே பின்னுக்கு இழுக்கிறது என்று எழுதினார். சந்தை பற்றி அவர் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் அவர் பார்த்த கேட்பவன் ரேடியோ முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவன். எங்கள் பக்கம் பாட்டு வந்து விழும் இடம் தப்பு செட்டுக்காரன் காது. அவன் அதைக் கேட்டு, பிரித்து, ‘சினிமா அடி’ என்று பெயர் போட்டு, மறுநாள் சப்பரத்துக்கு முன்னால் அடிக்கிறான். சரக்கை மறுபடியும் கருவியாக்கும் இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காத வெகுசனக் கலாச்சார விமர்சனம், வெகுசனம் என்ற சொல்லில் இருக்கும் சனத்தை விட்டுவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. பறை அடிப்பது சாதி சுமத்திய இழிதொழில். அடிக்க மாட்டோம் என்று சொல்வதுதான் விடுதலை. இந்த நேரத்தில் அடிகளுக்குப் பெயர் தேடுவது பழைய நுகத்தடிக்குப் பொட்டு வைக்கிற வேலை இல்லையா? 1990-களில், அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு, சாவுக்கு அடிக்க மறுத்த ஊர்கள் உண்டு. மறுத்ததற்காக அடிபட்டவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள், குடிதண்ணீர் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. என் சித்தப்பாவும் அப்படித்தான் குச்சியைக் கீழே போட்டார். அவரிடமே கேட்டேன், “விட்டதுக்கு அப்புறம் எதுக்கு சித்தப்பா இவ்வளவும் ஞாபகம் வச்சிருக்கீங்க?” அவர் சொன்னது: “அடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தெரியாதுன்னு சொல்லலையே.”

இந்த இரண்டும் வேறு வேறு. கட்டாய உழைப்பை மறுப்பது அரசியல் செயல். அந்த உழைப்புக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவை ‘வாசனை’ என்று சொல்லி அழிப்பது எதிர்த் தரப்பின் செயல். முதலாவதைச் செய்த அதே காலத்தில்தான் இரண்டாவதைத் தடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். 1990-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் தப்பைக் கொடுத்தது. சாவுக்கும் கோயிலுக்கும் ஆண்கள் அடித்த கருவியை, அடிக்கச் சொல்லி யாரும் உத்தரவிடாத மேடையில் பெண்கள் அடித்தபோது அதன் பொருளே மாறியது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் விருது ஆளுக்குக் கிடைத்தது. அவர் கையில் இருக்கும் இலக்கணம் இன்னும் நம் ரசனைக்குள் வரவில்லை.

6

பெயர் விடுபடுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம் காலத்துக் கணக்கு ஒன்று. 2018 ஜனவரியில் சென்னையில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் ஒன்றாக நின்றன. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். அந்த மேடையிலிருந்து வந்த அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு 2021-ல் உலகமெல்லாம் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. விளக்கங்கள் தனித்தனி, விடுபட்ட பெயர் மட்டும் ஒன்றே.

ராஜா, ரஹ்மான் சண்டையில் நாம் பேசாமல் விட்ட விஷயமும் இதுதான். தொண்ணூறுகளில் ரஹ்மானின் கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகின. எங்கள் வீட்டுக் கேசட்டுகளில் ராஜா பாட்டுக்கு அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. ஒரு ராஜா ரசிகனாக இதைச் சொல்லத்தான் வேண்டும். தன் பாட்டு தனக்குச் சொந்தம் என்று 2017-ல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே நோட்டீஸ் அனுப்பியவர் ராஜா. கம்பெனிகள் உழைப்பைத் தின்ற கதை தெரிந்தவனாக அந்தப் போராட்டத்தின் பக்கம் நிற்கிறேன். 2024-ல் அந்த வழக்கில், பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று சென்னை உயர்நீதிமன்றம் கேட்டது. அந்தக் கேள்வியை இன்னும் ஒரு படி கீழே இறக்கலாம். மருள் அடிக்கு யார் உரிமை கேட்பது? எந்தச் சட்டத்திலும் அதற்கு ஒரு ஆசிரியர் இல்லை. பெயராவது இருக்கட்டும்.

ரசிகர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ராஜாவின் ராகங்களைப் பட்டியல் போட யாரும் நமக்குச் சம்பளம் தரவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு நாமே உட்கார்ந்து போட்டோம். அதே வெறியோடு அடிகளையும் போட முடியும். அதற்குப் புத்தகத்தைப் புரட்டினால் ரொம்ப தூரம் போக முடியாது. அடித்தவர்களிடம் போய் உட்கார வேண்டும். போனில் பாட்டைப் போட்டுக் காட்டி, இது என்ன அடி, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு, எங்க மாறுது என்று கேட்க வேண்டும். சொன்னவர் பெயரை, அவர் சம்மதித்தால், பாட்டுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். சொல்ல மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். மறுப்பதும் அவர் சம்பாதித்த உரிமை. பல ஊர்களில் அறுபது வயதுக்கு மேற்பட்ட நாலைந்து பேர்தான் எல்லா அடியும் தெரிந்தவர்களாக மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ராஜா பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் நாம் ராகம் சொல்லும்போது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருப்பவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.